புது மெஷினுக்கு நான் தலையாட்டிய காரணம்

எட்வின்,

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "சரிப்பா, புதுசே வாங்கிடு" என்று போனில் நான் சொன்னதும் நீ நம்பவே இல்லை. அப்புறம் சிரித்தாய். "இன்னாப்பா, இத்தினி நாளா பழசுதான் இரும்பு, புதுசு வெறும் பிளாஸ்டிக்குன்னு என்னை வறுத்து எடுத்துட்டு, இப்ப இன்னா திடீர்னு?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா படுத்திருந்தாள். அவளுக்கு வாய் குழறுகிறதே தவிர, காது பாம்புக்காது. அதனால் "மனசு மாறிடுச்சி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் பேசும்போதெல்லாம் கேட்கிறாய். இந்த வீட்டில் அவள் காதுக்கு எட்டாத மூலை என்று ஒன்று கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை இது, பேனா பிடித்துப் பழக்கமில்லை. சொல்ல வந்த விஷயம் வளைந்து வளைந்துதான் வந்து சேரும். மலைப்பாதையில் பஸ் ஓட்டினவனிடம் நேர்ரோட்டை எதிர்பார்க்காதே.

முதலில் எலி விஷயத்தை முடித்துவிடுகிறேன். வாஷிங் மெஷினை எலி கடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். எலி பாவம், அந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவுக்கு இடுப்பிலும் முதுகிலும் தோல் சிவந்து தடித்துப்போயிருந்தது. சோப்புத் தூள்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே டாக்டராகி, சந்தையில் மலைப் பெண்கள் கூறுகட்டி விற்கும் பூந்திக்கொட்டையை வாங்கிவந்தேன். உடைத்து, விதையை எறிந்துவிட்டு, தோலை மட்டும்தான் ஊறப்போட வேண்டும். நம் ஜமுனாமரத்தூரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்கும் தெரியும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து உடைக்க யாரால் முடியும்? முழுசாக அள்ளி உன் பழைய காலுறைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, படுக்கை விரிப்புகளோடு மெஷினுக்குள் எறிந்தேன். நுரை என்னவோ அருமையாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் காலுறை கிழிந்து, கல் மாதிரி இருக்கிற அந்தக் கறுப்பு விதைகள் எல்லாம் அடியில் சுற்றும் தட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டன. கடகடவென்று ஒரே சத்தம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே சுவிட்சை அணைத்திருப்பார்கள். நான் டிரைவர். மலையேறும்போது வண்டியில் சத்தம் கேட்டால் வளைவில் நிறுத்தக் கூடாது, எப்படியாவது உருட்டிக்கொண்டுபோய்ச் சமமான இடத்தில் நிறுத்தித்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் அது அரிச்சுவடி. அந்தப் புத்தி என்னை விடவில்லை. "இந்த ரவுண்டு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். மெஷினுக்கு ஏதடா கொண்டை ஊசி வளைவு? ரவுண்டு முடியவில்லை. மோட்டார் முடிந்தது. வீடெல்லாம் கருகிய வாடை. உள்ளேயிருந்து அம்மா, "இன்னாங்க தீயுது?" என்றாள். "பால் பொங்கிடுச்சி" என்றேன். அவளிடம் பால், உன்னிடம் எலி. அன்றைக்கு என் வாயில் ஒரு உண்மைகூட வரவில்லை.

இதில் என் வீம்பு எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். நீ அன்றைக்கே புதுசு போட்டுவிடலாம் என்றாய். நான் உடைத்ததை நானே சரிபண்ணி, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஓட வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பொய்யை மறைக்க அது ஒன்றுதான் வழி. அதோடு பழக்க தோஷமும் இருக்கிறது. ஒரு பொருளைத் தூக்கிப் போடுவது என்றால் எனக்கு வயிறு எரியும். நீ பள்ளிக்கூடம் போகும்போது அடி தேய்ந்துபோன ஷூவுக்கு டயர் ரப்பரை வெட்டி ஒட்டிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நொண்டி நொண்டிப் போய்வந்தாய். அம்மாதான் குதிகால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "புள்ள காலு புதுசா கெடைக்குமா?" என்று ஷூவைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். அப்போதும் நான் அந்த ஷூவைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்குது" என்று சொன்ன ஆள். என்னைத் திருத்த யாராலும் ஆகாது என்று உன் அம்மா அன்றைக்கே கைவிட்டிருக்க வேண்டும்.

பாஷா பாயை உனக்குத் தெரியாது. போளூரிலிருந்து சந்தை நாளில் மேலே வந்து, பஸ் ஸ்டாண்டு ஓரமாகத் தார்ப்பாய் கட்டி, கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுப்பவர். போர் மோட்டார், மிக்ஸி, ஃபேன், எது போனாலும் இந்தப் பக்கத்துக்கு அவர்தான். வீட்டுக்கு வந்து மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பூந்திக்கொட்டை ஒரு பிடி விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா டிரைவரே, வெத நெல்லு போட்டு வெவசாயம் பண்ணீங்களா?" என்றார். பிறகு சொன்னார்: "மோட்டாரு நான் கட்டிக் குடுத்துடுவேன். கியர் பாக்ஸு பல்லு பூடுச்சி. அது வேலூர்ல தேடணும். இது பழைய மாடலு. கெடைச்சா உண்டு. என்னைக் கேட்டா புதுசு வாங்கிடுங்க." வேலை கொடுக்கிறேன் என்கிறேன், வேண்டாம் என்கிறார் மனுஷன். நான்தான், "தேடிப் பாருங்க பாய், கெடைக்கும்" என்று அனுப்பினேன். அடுத்த சந்தைக்கு வந்து கிடைக்கவில்லை என்றார். அதற்கடுத்த சந்தைக்கு மழை, அவர் வரவேயில்லை. நீ போனில் கேட்கிறபோதெல்லாம் நான், "அடுத்த சந்தைக்கு ரெடியாயிடும்" என்று பாடிக்கொண்டிருந்தேன்.

அதுவரைக்கும் துணி? நான்தான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து விழுந்த பிறகு சமையல் பழகிவிட்டேன், குளிப்பாட்டப் பழகிவிட்டேன். விரிப்பையும் சேலையையும் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தது. டயப்பர் கட்டினால் தொடை புண்ணாகிவிடுகிறது, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்தான். மற்ற நாளெல்லாம் விரிப்பு நனையும், மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும். வீடு கூட்ட வருகிற பெண், "குடுங்க, நான் தோச்சித் தர்றேன்" என்றாள். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவள் இந்த மலைக்கு நர்சம்மாவாக வந்தவள். நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் ஒவ்வொரு குக்கிராமமாக நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தவள். அந்த ஊர்ப் பெண்ணின் கையில் தன் மூத்திரத் துணியைக் கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அது அவளுடைய கௌரவம். நானும் வற்புறுத்தவில்லை. கொல்லையில் கல்லைப் போட்டு, வாளியை வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

எட்வின், அலுப்பாக இருந்ததடா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். நனைந்த விரிப்பைப் பிழிய ஒரு ஆள் பலம் போதாது. முறுக்கும்போது முதுகில் சுளீர் என்று ஏதோ இழுக்கும். பனி விழுகிற நாளில் காயாது. காயாததை எடுத்து அடுப்புப் பக்கம் போட்டால் அந்த வாடை சோற்றில் ஏறும். ஒன்றைத் துவைத்து நிமிர்வதற்குள் உள்ளேயிருந்து, "ஏங்க..." என்று குரல் வரும். அந்தக் குரல் கேட்டாலே எனக்கு அடுத்த விரிப்பு ஞாபகம்தான் வரும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் கூப்பிடுகிறாள், எனக்கு விரிப்பு ஞாபகம் வருகிறது. அந்த அளவுக்கு ஓய்ந்துபோயிருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் விரிப்பு காய்ந்திருந்தது. தடவித் தடவிப் பார்க்கிறேன், நம்ப முடியவில்லை. "பரவால்லியே! இன்னைக்கு எனக்கு லீவு குடுத்துட்டியே!" என்றேன். அவள் சிரித்தாள். மறுநாளும் அப்படித்தான், லேசாக ஓர் ஓரம் மட்டும் ஈரம். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். உனக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு நல்ல முன்னேற்றம்" என்று சொன்னது அப்போதுதான். நீ சந்தோஷப்பட்டாய். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். மெஷின் பேச்சைக்கூட அந்த நாட்களில் நான் எடுக்கவில்லை, துவைக்கத் துணியே இல்லையே, என்ன அவசரம் என்றிருந்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னாம்மா, மாசமா இருக்கிற பொண்ணு, தண்ணி நல்லா குடிக்கிறியா? கொடத்துல மொண்டு வச்சிக்கினு குடி" என்றாள். என்னை யாரோ கர்ப்பிணி என்று நினைத்துக்கொண்டாள். எந்தக் கிராமத்தில் இருந்தாளோ, எந்த வருஷத்தில் இருந்தாளோ. ஜீப்பைப் பிடித்து அவளை மடியில் போட்டுக்கொண்டு மலையிறங்கினேன். நான் ஓட்டின ரோடு. ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது முடியவே இல்லை.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சிறுநீரில் கிருமி ஏறி ரத்தம் வரைக்கும் போயிருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். "தண்ணி எவ்ளோ குடிக்கிறாங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் ரோஷமாகவே, "காலையில சொம்பு நிறைய வச்சிட்டுப் போவேன், மத்தியானம் பாத்தா காலியா இருக்கும். மறுபடி நிரப்புவேன்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. "இல்லீங்களே" என்று மட்டும் சொன்னார். அந்த இல்லீங்களே என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சொம்பு காலியாகிறது, உடம்பில் தண்ணீர் இல்லை, அப்படியென்றால் தண்ணீர் எங்கே போயிற்று? மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அம்மா கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே நம் அவரைக்கொடி. தோட்டத்தில் மற்றதெல்லாம் வாடி வதங்கிக் கிடக்க, அது மட்டும் ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு பச்சைப்பசேல் என்று காய்த்துத் தொங்குகிறது. அடியில் மண் சொதசொதவென்று இருந்தது. நல்லபடியாக இருக்கிற இடது கையால் சொம்பைத் தூக்கி, நான் வெளியே கிளம்பியதும், அவள் அதற்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அவரைக்காயைத்தான் பறித்துப் பொரியல் செய்து, "நம்ம வூட்டுக் காயி, நல்லா சாப்பிடு" என்று அவளுக்கே ஊட்டியிருக்கிறேன்.

காய்ச்சல் இறங்கித் தெளிந்ததும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "ஊருக்கெல்லாம் தண்ணி குடி, தண்ணி குடின்னு சொன்னவ நீ. குடிக்காம இருந்தா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? என் கை வலிக்குதுன்னு பாத்தியா? நான் உன்கிட்ட வலிக்குதுன்னு ஒரு வாட்டி சொன்னேனா?" என்றேன். அவள் என் கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"கை இல்லீங்க. நீங்க துணிய அலசுறப்ப ஜன்னல் வழியா உங்க மூஞ்சி தெரியும்."

"மூஞ்சிக்கு இன்னா?" என்றேன்.

"நானும் எத்தினி பேருக்குப் பீ மூத்திரம் வழிச்சிப் போட்டிருக்கேன். மூஞ்ச சுளிச்சா அவங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களைக் குத்தம் சொல்லலீங்க. உங்களுக்கே தெரியாம வருது அது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "மெஷினுக்கு மூஞ்சி இல்லல்ல, அதான் அது இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வராந்தாவுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன்.

இதுதான் காரணம். பழசா, புதுசா, இரும்பா, பிளாஸ்டிக்கா என்று நாம் இரண்டு பேரும் வாரக்கணக்கில் வாதாடினோமே, அது ஒரு பொருளைப் பற்றிய பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த நமக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. யார் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்களோ அவர்களைத்தான் நாம் கேட்கவே இல்லை. நாளைக்கு உன் வீட்டிலும் ஏதாவது உடையும். ரிப்பேரோ, மாற்றுவதோ, எதையாவது செய். அது பெரிய விஷயமில்லை. ஆனால் நீ முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிற நாட்களில் வீட்டில் யார் எதைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்று பார். கேட்டால் சொல்ல மாட்டார்கள். உன் பொண்டாட்டியும் சொல்ல மாட்டாள். ஷூ கடித்தபோது நீ சொன்னாயா? சொல்லாதவர்கள் வீட்டில்தான் நீயும் பிறந்திருக்கிறாய்.

புது மெஷின் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். கம்பெனிக்காரன் மலைக்கு வர மாட்டேன் என்று போளூரிலேயே இறக்கிவிட்டுப் போனான். பாஷா பாய் ஒரு வேனைப் பிடித்து, வழியெல்லாம் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து, மாட்டியும் கொடுத்தார். "இதுல பூந்திக்கொட்டை போட்டீங்கன்னா நான் வர மாட்டேன் டிரைவரே" என்று அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லி மானத்தை வாங்கிவிட்டார். பழசை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். மூடி கண்ணாடி, உள்ளே அவள் விரிப்பு சுற்றுவது தெரிந்தது. "சத்தமே இல்லீங்களே" என்றாள். அப்புறம் அவளாகவே தண்ணீர் கேட்டாள். தம்ளரைக் கொடுத்தேன். பாதி குடித்திருப்பாள், கரண்ட் போய்விட்டது. நம் ஊர்க் கரண்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் நின்றது. அவள் தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மெஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

புதுசு வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை என்று அப்போது தெரிந்தது. கரண்ட் போனால், தண்ணீர் வராமல் போனால், இதுவும் ஒரு நாள் பழசானால், மறுபடி நான்தான் உட்கார வேண்டும். முகத்தையும் எடுத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். "வந்துடும், நீ குடி" என்று சிரித்தேன். சிரிப்பு சரியாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மீதியைக் குடித்துவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போன தடவை நீ ஓசூரிலிருந்து வந்தபோது, அம்மா அறைக்குள் நுழைந்ததும் நேராகப் போய் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டாய். காற்று வரட்டும் என்றுதான் திறந்தாய், எனக்குத் தெரியும். அவளும் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, "புள்ளைக்கு இந்த வாடை ஒத்துக்கல, பாவம்" என்றாள். அவ்வளவுதான். நீ இருந்த அந்த இரண்டு நாளும் அவள் காபிகூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மாசக் கடைசியில் நீயும் மருமகளும் வருகிறீர்கள். அறையில் வாடை இருக்கும். எவ்வளவு துவைத்தாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வந்ததும் அவசரப்பட்டு உள்ளே போய்விடாதே. வாசலில் கொஞ்சம் நின்று முகத்தைப் பார்த்துக்கொள். சரியாக வரவில்லை என்றால் வெட்கப்படாதே, எனக்கும் சில நாள் வருவதில்லை. கொல்லைப்பக்கம் என்னிடம் வந்துவிடு. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போகலாம்.

அப்பா